அந்தக் கண்மாயில் விரால் சாகவில்லை

"மீன் செத்து மிதக்குது மேடம், வெரசா வாங்க" என்று விடியற்காலையில் ஒரு போன் வரும். பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒரு நாள் அது வரத்தான் போகிறது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்த ஆழத்தில் தண்ணீர் பிடிப்பது, செத்த மீனை எப்படி ஐஸில் வைப்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதெல்லாம் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்று போடியில் வீட்டோடு இருப்பவள். படிவங்கள்கூட மாறியிருக்கும். நான் சொல்ல வந்தது, பாட்டில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்த ஓர் அதிகாரியைப் பற்றி. அந்த அதிகாரி நான்தான். அந்த வாயை மூட வைத்தவர் ஒருவர் இருக்கிறார். உண்மையில் அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விவசாயக் குடும்பத்துப் பெண், மலையடிவாரத்தில் பிறந்தவள், மீன்வளத் துறைக்குப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம், "கடல் எந்தத் திசைல இருக்குன்னாவது தெரியுமா ஒனக்கு?" என்று கேலி செய்தார்கள். "தெரியாட்டி பஸ்சுக்காரன் எறக்கி விடுவான், போங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முதல் வேலையே ராமநாதபுரம் கடற்கரையில். பல வருஷம் அங்கேதான் இருந்தேன்.

அங்கே ஒரு புரட்டாசியில் கடல் பச்சையாகிப் போனது. தூரத்துப் பச்சை இல்லை. கையில் அள்ளினால் கஞ்சிபோல் கெட்டியாக ஒட்டும் பச்சை. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். பாசி பெருகி, செத்து, அழுகி, தண்ணீரில் இருக்கும் மூச்சுக்காற்றை எல்லாம் தின்றுவிடும். கரை நெடுக ஓரா மீனும் விலாங்கும் ஒதுங்கிக் கிடந்தன. கூட்டம் கூடி, கம்பெனிக் கழிவுதான் காரணம் என்று கத்தியது. எங்கள் மேலதிகாரி சாயங்காலம் வரை வாயையே திறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு மீனாகத் தூக்கிச் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னவர்கள் அவருக்கு 'ஊமைச்சாமி' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். பேசத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். என்னுடைய அறிவு அவ்வளவுதான்.

பிறகு சொந்த மாவட்டத்துக்கே மாற்றல் கிடைத்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கடலையே பார்த்தவளுக்குக் கண்மாய் எம்மாத்திரம் என்று ஒரு தெனாவெட்டு எனக்கு. ராசிங்காபுரம் பக்கம் ஒரு கண்மாயை சுருளி என்பவர் மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். என் வயதுதான் அவருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார். கண்மாய்க்குள்ளே லாரி டியூபில் மிதந்துகொண்டே பாதி நாளைக் கழிப்பார். கேட்டால், "மீனு என்னைப் பார்த்தாத்தான் மேடம் தின்னுது" என்பார்.

சித்திரை மாதம். தண்ணீர் வற்றி வற்றிக் கண்மாய் பாதியாகக் குறைந்திருந்தது. நான்கு நாளாக மலைப் பக்கம் மூட்டம். மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை, ஓர் இலைகூட அசையவில்லை. அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கரை ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கட்லாக்கள், அடுத்த மாதம் வலை போட்டிருக்க வேண்டியவை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கரையில் ஊரே நின்றது. சுருளி அண்ணனைக் காணவில்லை. டியூபை எடுத்துக்கொண்டு நடுக்கண்மாய்க்குப் போய்விட்டார் என்றார்கள்.

மடைப் படியில் ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். பெயர் கணேசன், குரங்கணிக்காரர். மலையில் ஏலத்தோட்டங்களுக்கு மருந்தடிப்பவர். மேலே சோலி இல்லாத நாட்களில் கீழே இறங்கி மாந்தோப்புகளுக்கு அடிப்பார். முந்தின நாள் கண்மாயை ஒட்டிய தோப்பில் அடித்துவிட்டு, பொழுது சாய மருந்து டிரம்மைக் கண்மாய் மூலையில் கழுவியிருக்கிறார். அதைப் பார்த்தவர்கள் நாலு பேர். காலையில் மீன் மிதந்ததும் தோப்பு மோட்டார் ரூமில் படுத்திருந்தவரைப் பிடித்துக் கொண்டு வந்துவிட்டார்கள். நீல டிரம் பக்கத்திலேயே கிடந்தது. மருந்து வாடை குப்பென்று வந்தது.

"கழுவுனியாடா?" நான் வரும் முன்பே கேட்டதுதான், மறுபடியும் எனக்காகக் கேட்டார்கள்.

"கழுவுனேன் சாமி. எப்பவும் கழுவுற மாதிரித்தான் கழுவுனேன். இப்பிடி ஆகும்னு தெரியாது" என்றார் கணேசன். அவர் கண் மீன்களை விட்டு அகலவில்லை.

டிரம் இருக்கிறது, வாடை இருக்கிறது, கழுவியவர் ஒத்துக்கொள்கிறார். வார்டு மெம்பர் என்னைப் பார்த்தார். "மேடம், மருந்துதானே?"

"மருந்துதான். பார்த்தாலே தெரியுதே" என்றேன்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்வார்களே, அப்படி வந்த சொல் அது. என் பை இன்னும் வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மீனைக்கூட நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு பையன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கவும் பின்னாலிருந்து ஒரு கை வந்து கணேசன் கன்னத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று விழுந்தது. "ஏய், கைய எடுங்க" என்று நான் கத்தினேன். என் சொல் கேட்டு அடித்தவர்கள், நிறுத்தச் சொன்னதை ஏன் கேட்கப் போகிறார்கள்? போலீஸ் ஜீப்பு வந்த பிறகுதான் அடி நின்றது. "ஆபீசரே சொல்லிட்டாங்க சார், எழுதிக்கிருங்க" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஜீப்பில் ஏறும்போதும் கணேசன் திரும்பிக் கண்மாயைத்தான் பார்த்தார்.

பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். அந்த வரிசையைக் கவனியுங்கள். ஆளைப் பிடித்துக் கொண்டு போன பிறகு நான் வேலையைத் தொடங்கினேன்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது சுருளி அண்ணன் டியூபில் கரையேறினார். இடுப்பு வரை பச்சை. பெயிண்ட் வாளிக்குள் இறங்கி ஏறியதுபோல் இருந்தது. வருஷம் பூராவும் வளர்த்ததெல்லாம் போன மனிதர், அழுவார், புலம்புவார் என்று நினைத்தேன். அவர் நேராக என்னிடம் வந்து வலைப்பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், வாலால் பையை அடித்துக்கொண்டிருந்தது.

"மருந்துன்னு சொன்னீகளாமே மேடம். இது எப்பிடி உசுரோட இருக்கு?"

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"இங்கிட்டு வாங்க" என்று டிரம் கழுவிய மூலைக்கே கூட்டிக்கொண்டு போனார். கோரைப் புல்லை விலக்கினார். தவளைக்குஞ்சுகள் ஓடின. கையை விட்டு அள்ளினார், உள்ளங்கையில் பொடி இறால் துள்ளியது. "மருந்துன்னா மொதல்ல இதுகதானே சாகணும்? பெரிசுக செத்து மெதக்குது, பொடிசுக வெளையாடுதுக. கெளுத்தியும் சாகல. விரால் ஒண்ணுகூடச் சாகல. அங்கிட்டு நடுவுல பூராவும் பார்த்துட்டு வர்றேன்."

பிள்ளைகளே, இது உங்களுக்கு முதல் வருஷப் பாடம். எனக்கும் முதல் வருஷப் பாடம்தான். பாசி பகலில் வெயில் இருந்தால் தண்ணீருக்கு மூச்சைக் கொடுக்கும், ராத்திரியில் அதுவே மீனோடு போட்டி போட்டு வாங்கிக்கொள்ளும். நாலு நாள் மூட்டம் போட்டால் கொடுப்பது நின்றுபோகும், வாங்குவது மட்டும் நடக்கும். விடிகிற நேரம் தண்ணீரில் மூச்சு இருக்காது. அதிகம் மூச்சு வேண்டிய பெரிய மீன் முதலில் போகும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து வெளிக்காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். கரையில் நின்று ஒரே ஒரு கேள்வி, 'விரால் செத்திருக்கா?' என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

தண்ணீரின் மூச்சை அளக்கும் கருவியை அடித்தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன். என்ன காட்டியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுருளி அண்ணன் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். "மூணு நாளா வெடியக்காலம் மீனு மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு மேடம். மூட்டம் கலஞ்சா சரியாப் போயிரும்னு இருந்துட்டேன். மீனுக்குத் தீனியாப் பாசி வளரட்டும்னு அதுக்கு முந்தி மூணு லோடு கோழி எருவு கொட்டுனேன். மூணாவது லோடுதான் வெனை."

"மூணாவது லோடு எப்பக் கொட்டினீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "நீங்க வந்துட்டுப் போனீகள்ல, அன்னிக்கு மறுநா."



இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வழியாகப் போனவள், ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்திக் கண்மாயைப் பார்த்தேன். மாவட்ட ஆபீசில் மீட்டிங், மணியாகிவிட்டது. சுருளி அண்ணன், "தண்ணி ரொம்பப் பச்சையா இருக்கே மேடம், இன்னும் ஒரு லோடு கொட்டலாமா, வேணாமா?" என்று கேட்டார். வண்டியை விட்டு இறங்காமலேயே, "பச்சைன்னா நல்லதுதானே அண்ணே, தீனி இருக்குன்னு அர்த்தம். கொட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். போடிக்காரர்களுக்குப் பச்சை என்றாலே மனசு குளிர்ந்துவிடும். ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி, எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஒசத்தி என்று தரம் பிரித்துப் பழகிய ஊர். பச்சை மங்கினால்தான் எங்களுக்குக் கவலை. தண்ணீருக்கும் அதே தராசைப் போட்டுவிட்டேன். பச்சையான கடல் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்திருந்தும் அது ஞாபகம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். 'மருந்துதான்' என்ற சொல் என் வாயில் அவ்வளவு வேகமாக வந்தது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். டிரம் கிடந்ததால் மட்டும் இல்லை. மருந்து என்றால் கண்மாய்த் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்காவிட்டால் அந்த ஐந்து நிமிஷமும் வெளியே வராது. அப்போது அப்படிக் கணக்குப் போட்டு நான் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒரு மூலை அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. சட்டென்று கிடைக்கும் பதில் உங்களைக் காப்பாற்றுகிற பதிலாக இருந்தால், தயவு செய்து அதை இன்னொரு தடவை புரட்டிப் பாருங்கள்.

"சரி அண்ணே, நான் ஸ்டேசனுக்குப் போயி சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட விவரத்தச் சொல்றேன். அவரை விட்டுருவாங்க" என்றேன்.

சுருளி அண்ணன் தலையை ஆட்டினார். "அங்க மட்டும் சொன்னாப் பத்தாது. அவன் நாளைக்கு இந்தப் பக்கம் மருந்தடிக்க வரணும்ல? மீனக் கொன்னவன்னு பேரு வந்துருச்சுன்னா எந்தத் தோப்புக்காரன் கூப்பிடுவான்? சொன்ன எடத்துலயே திருப்பிச் சொல்லிருங்க மேடம்."

"சொன்னா, அடுத்தது எதனால செத்துச்சுன்னு கேட்பாங்க. எருவு வெளிய வரும். இது ஆடு மாடு குடிக்கிற கண்மாய். ஊரு உங்களைச் சும்மா விடாது."

"விடாதுதான்." கொஞ்ச நேரம் கையிலிருந்த பச்சையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதுக்காக என் கண்மாய்ல செத்த மீனுக்கு அவன் எதுக்கு மேடம் கம்பி எண்ணணும்?"

இவ்வளவுதான் அவர் சொன்னது. தர்மம், நியாயம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து என்றே விட்டிருந்தால் அவர் மேல் ஊரே இரக்கப்பட்டிருக்கும். கண்மாய் அவர் கையில் இருந்திருக்கும். விராலை வலைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அத்தனையையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார். நான் எத்தனையோ விஞ்ஞானிகளோடும் பெரிய அதிகாரிகளோடும் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கரையில் நான் பார்த்ததுபோல ஓர் ஆளை அப்புறம் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

கரைக்கு வந்தோம். அதற்குள் போடியிலிருந்து ஒரு மீன் வியாபாரி லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று வந்த ஆள். "இன்னிக்குச் செத்ததுதானே அண்ணே, ஐஸ் போட்டாத் தெரியாது" என்றார். சுருளி அண்ணன், "என் மீனத் தின்னு ஒருத்தன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்தா நீ வருவியா? வண்டியத் திருப்பு" என்று சொல்லிவிட்டுக் குழி தோண்டக் கடப்பாரை கொண்டா என்று தன் தம்பியிடம் குரல் கொடுத்தார். ஆடு மாடு எதையும் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் சொல்லிவிட்டதால், எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மடைமேல் ஏறி நின்றேன். "காலைல நான் மருந்துன்னு சொன்னேன். அது தப்பு. பார்க்காமச் சொல்லிட்டேன். பாசி கூடிப் போயி, மூட்டத்துல தண்ணிக்குள்ள மூச்சு இல்லாம மீன் செத்திருக்கு. கணேசன் கழுவுனது சாவுக்குக் காரணமில்ல."

 "அவன் முதலாளி போன் போட்டுட்டானா மேடம்?" என்றார் ஒருவர். "காலைல ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா?" என்றார் இன்னொருவர். அவன் ஒத்துக்கொண்டானே, அவனே கழுவினேன் என்றானே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கழுவினேன் என்று சொன்னாரே தவிர, கொன்றேன் என்று அவர் சொல்லவே இல்லை. அதை நாங்கள்தான் சேர்த்துக்கொண்டோம்.

சுருளி அண்ணன் விராலை மெம்பர் கையில் கொடுத்தார். மெம்பரும் விவசாயிதான், கண்மாயில் வளர்ந்தவர்தான். துள்ளுகிற மீனைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது.

"எருவு கொட்டுனது நான்" என்றார் சுருளி அண்ணன். "மூணு லோடு. மூணு நாளா மீனு தவிச்சதையும் பார்த்தேன். யார்ட்டயும் சொல்லல. எதுனாலும் என்னையக் கேளுங்க. மலைக்காரனை விட்டுருங்க."

பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். மாட்டுக்குத் தண்ணியில்லாமப் பண்ணிட்டியே என்றார்கள், பேராசை என்றார்கள், பேர் சொல்லித் திட்டினார்கள். அவர் நின்று கேட்டுக்கொண்டார். மேடம்தான் கொட்டச் சொன்னாங்க என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பாதித் திட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று எதிர்பார்ப்பதுபோல்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கொட்டச் சொன்னது நான்" என்றேன்.  "அவரு வேணுமா வேணாமான்னு கேட்டாரு. நான் வண்டிய விட்டு எறங்காம, நல்லதுதான் கொட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். அவரு அதச் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்."

அதற்கு மேல் யாரும் திட்டவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பெரியவர், "படிச்சவுகளும் இப்பிடியா ஆத்தா" என்றார். அடி வாங்கியதுபோல் இருந்தது. எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், அது என் பாடு. அந்தக் கண்மாய் அடுத்த குத்தகையில் சுருளி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு நான் கதைவிடப் போவதில்லை.

மத்தியானம் இரண்டு பேரும் ஸ்டேசனுக்குப் போனோம். வாசலில் வேப்பமர நிழலில் ஒரு பெண் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். "வீடியோவுல பேசுனது நீங்கதானா?"

"நான்தான்."

"நான் அவுக வீட்டுக்காரி. குரங்கணியிலருந்து வர்றேன்." திட்டுவாள் என்று நின்றேன். "உள்ள விட மாட்டேங்கிறாக. சோத்த மட்டும் குடுத்துருவீகளா?" என்றாள். "சோறு இங்கயே இருக்கட்டும்மா, ஆளையே கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், எரிச்சலில் இருந்தார். "காலைல மருந்துன்னு சொன்னதுக்கு வீடியோ இருக்கு. இப்ப இல்லைங்கிறீங்க. நான் எதை மேடம் எழுதுறது?"

"ரெண்டையும் எழுதுங்க சார். மொதல்ல பார்க்காமச் சொன்னேன், பெறகு பார்த்துட்டுச் சொல்றேன். அப்பிடியே எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். சுருளி அண்ணன், புகார் எதுவும் இல்லை என்று தனியாக எழுதிக் கொடுத்தார். மூன்று மணி சுமாருக்குக் கணேசனை வெளியே விட்டார்கள்.

ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாசல் படி இறங்கியவர், பெண்டாட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தார். "மேடம், நெசமாவே நான் கொல்லலையா?"

"இல்லப்பா" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? "ஆனா டிரம்மக் கண்மாய்ல கழுவுனது தப்பு. இனிமே கழுவுறதைப் பார்த்தேன், நானே வந்து பிடிச்சுக் குடுப்பேன்" என்றும் சொன்னேன். "கழுவ மாட்டேன் மேடம்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.  மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் கண் சுருளி அண்ணன் மேல் போனது. பச்சை காய்ந்து உடம்பெல்லாம் படிந்திருந்ததைப் பார்த்தார்.

"அம்புட்டும் ஒங்க மீனாண்ணே?"

"ஆமா அப்பு."

 கணேசன் பெண்டாட்டி கையிலிருந்த தூக்குவாளியை வாங்கினார். திறந்து, மூடியில் சோற்றை அள்ளி வைத்து நீட்டினார். "சாப்டீகளாண்ணே?"

காலையிலிருந்து நான் சுருளி அண்ணனோடுதான் இருந்தேன். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுருளி அண்ணன் இல்லை என்று தலையாட்டி, மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஸ்டேசன் படியிலேயே உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் அழுதார்.